பூட்டிய போனும் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியும்

நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில், பூட்டிக்கொண்ட போன்களுக்கென்று இருந்த மூன்றாம் கவுண்டரைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஆளுயரத் தொடுதிரை ஒன்று நிற்கிறது. கன்னடம், ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லுமாம். நான் பதினோரு வருஷம் அதே இடத்தில் உட்கார்ந்து ஒரு மொழியிலும் வருந்தியதில்லை. என்னை எடுத்துவிட்டு அதை வைத்தது நியாயம்தான்.

என்னோடு வேலை பார்த்த இளையவர்கள், அந்தத் திரைக்குத் தெரியாத விஷயம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம், பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். ஒரு பக்கம் போதுமாம். அதற்கு மேல் யாரும் படிப்பதில்லையாம். ஒரு பக்கத்தில் சொல்லக்கூடியதெல்லாம் அந்தத் திரைக்கே தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் படிப்பு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. படித்து முடித்ததும் ஓர் அரசுத் தொழிற்சாலையில் டயல் சுற்றும் போன்களைக் கோக்கும் வேலை கிடைத்தது. அந்தக் காலத்துப் போனுக்கும் பூட்டு உண்டு. டயலின் முதல் ஓட்டையில் விரல் அளவுக்குப் பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டால் யாரும் டயலைச் சுற்ற முடியாது. எங்கள் செக்‌ஷன் போனின் சாவி சூப்பர்வைசரின் சட்டைப் பைக்குள் இருந்தது. சேர்ந்த இரண்டாம் மாதமே ஒரு சீனியர் அக்கா சொல்லிக் கொடுத்தார். டயலைத் தொடவே வேண்டாம், ரிசீவர் வைக்கும் இடத்துப் பொத்தானைத் தட்டினால் போதும். ஐந்து வேண்டுமென்றால் ஐந்து தட்டு, கொஞ்சம் நிறுத்தி, அடுத்த எண். நாங்கள் எல்லோரும் மத்தியானம் தாளம் போடுகிற மாதிரி தட்டித் தட்டி வீட்டுக்குப் பேசினோம். பூட்டு ஒரு நாளும் உடையவில்லை. சூப்பர்வைசரும் பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று தினம் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார். நான் கற்றுக்கொண்ட தொழில் அவ்வளவுதான். தொழிற்சாலையை மூடி, விருப்ப ஓய்வு என்ற பெயரில் எங்களை அனுப்பி, நான் இரண்டு மூன்று இடம் மாறி, அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த இந்த சர்வீஸ் சென்டருக்கு வந்ததெல்லாம் என் பயோடேட்டாவில் இருக்கிறது. வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பூட்டிய போனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது கம்பெனிக் கையேட்டில் ஏழாம் அத்தியாயம். முதலில் போனின் பதினைந்து இலக்க அடையாள எண்ணை எடுக்க வேண்டும். போன்தான் பூட்டியிருக்கிறதே, எப்படி எடுப்பது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் விழிப்பார்கள். பூட்டிய திரையிலும் அவசர அழைப்புக்கு ஒரு மூலை உண்டு. அதில் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் எண் தானாக வந்து நிற்கும். அந்த எண் பில்லில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பில்லில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். அட்டையில் உள்ள முகம் எதிரே நிற்கும் முகத்தோடு ஓரளவு பொருந்தினால் போதும். நம் நாட்டு அடையாள அட்டைப் போட்டோவிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பிறகு சம்மதப் படிவம். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், அதற்குச் சம்மதிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். கையெழுத்து வாங்கியபின் மொத்தத்தையும் அழித்துப் போனைப் புதிதாக்க வேண்டும். அழித்தபிறகும் அது சும்மா விடாது. இதற்கு முன்னால் என்னில் யாருடைய ஈமெயில் கணக்கு இருந்தது, அதன் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்கும். பதில் தெரியாவிட்டால் அது போன் இல்லை, காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் கல். அந்தக் கேள்வியை நீக்கக் கம்பெனியால் மட்டும் முடியும். கம்பெனி பில்லைக் கேட்கும்.

உள்ளே இருப்பதை அழிக்காமல் பூட்டை மட்டும் திறக்க எங்களால் முடியாது. இந்த ஒரு வாக்கியத்தை நான் தினம் இருபது தடவை சொல்லியிருப்பேன், ஒருவரும் நம்பியதில்லை. சினிமாவில் கறுப்புச் சட்டைக்காரன் வயரைச் செருகியதும் திறந்துகொள்கிறதே, உங்களுக்கு அந்த வயர் கொடுக்கவில்லையா என்பார்கள். பழனியில் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்த ஒருவர், என் முகம் எனக்கே தெரியும், போனுக்கு ஏன் தெரியவில்லை என்று அரை மணி நேரம் வாதாடினார். மனைவியின் போனைக் கொண்டுவந்து, அவளுக்கு பின் நம்பர் மறந்துவிட்டது, திறந்து கொடுங்கள் என்பவர்கள் வாரத்துக்கு இருவராவது வருவார்கள். அவரையே வரச் சொல்லுங்கள், இங்கே வந்து மறக்கட்டும் என்பேன். திரும்பி வர மாட்டார்கள்.

இந்த நடைமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஜாப் ஷீட்டில் உள்ள ஒரு சின்னக் கட்டம். போனின் பின் நம்பரை அதில் எழுதி வாங்க வேண்டும். ரிப்பேர் முடிந்ததும் சோதித்துப் பார்க்க அது தேவையாம். உலகத்திலேயே ரகசியமான நான்கு எண்களை, வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் எழுதிக்கொள்வேன். ஷீட் ஃபைலுக்குப் போகும். ஃபைல் திறந்த அலமாரிக்குப் போகும். போனுக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டில்லை. ஒருவர் மட்டும் கண்ணாடிக்கு அருகில் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

இனி மேனேஜர். கிரீஷ் சாருக்கு என்னைவிட இருபத்தைந்து வயது குறைவு. நல்ல கன்னடம், நல்ல ஆங்கிலம், கவுண்டருக்கு வேண்டிய அளவு தமிழ். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் நடப்பார். யாருடைய போனைத் தொட்டாலும் உடனே கையில் சானிடைசர் ஊற்றிக்கொள்வார், தன் மேலதிகாரியின் போனைத் தவிர. அவர் வாயிலிருந்து இல்லை, முடியாது என்ற சொற்களை நான் கேட்டதே கிடையாது. "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று மூன்று தடவை சொல்வார். மூன்றாவது தடவை தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். தலை சாய்ந்தால் முடியாது என்று பொருள். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் மொத்தமும் அழிந்து கண்கலங்கி நிற்பவரிடம், "ஒரு மெசேஜ் வரும் சார், மறக்காம ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க" என்று சொல்ல அவரால் முடியும். அவர்களும் போடுவார்கள். எனக்கு இன்றுவரை புரியாத விஷயம் அது.

நான் ஓய்வு பெற ஆறு வாரம் இருந்தபோது வந்தது செல்வியின் போன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதினோரு மணி. செல்விக்கு நாற்பது வயது இருக்கும். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறவர், கோரமங்களா அபார்ட்மென்ட் ஒன்றில் இரண்டு வீடுகளில் சமையல். ரோஸ் நிற உறை போட்ட போனைக் கவுண்டரில் வைத்தார். உறையில் முயல் காது மாதிரி இரண்டு நீட்டல்கள், அதில் ஒரு காது உடைந்து போயிருந்தது.

"என்னம்மா, பின் மறந்துபோச்சா?"

"மறக்கலைங்க மேடம். எனக்குத் தெரியவே தெரியாது. ஆட்டோக்காரரு போட்டது."

பதினோரு வருஷத்தில் கேள்விப்படாத காரணம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

அவர் சமைக்கும் ஒரு வீட்டில் வயதான ஓர் அம்மாள் இருந்தார். வரமகாலட்சுமி பூஜையன்று, வெற்றிலை பாக்கு தேங்காய் வைத்த தாம்பூலத்தோடு ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழையும் செல்விக்குக் கொடுத்தார். அப்போது செல்வியின் போனில் ஒரு படமும் எடுத்தார்கள். அடுத்த வாரம் அந்த அம்மாள் மூத்த மகனிடம் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். போன இடத்தில் இதய ஆபரேஷன், எந்த விஷயமும் அவர் காதுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. இங்கே பீரோவைத் திறந்து பார்த்த மருமகள் சிமிழைக் காணோம் என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். செல்வி வீட்டு சாமி படத்துக்கு முன்னால் சிமிழ் இருந்தது. அவர் அதை ஒளித்து வைக்கவும் இல்லை. போலீஸ் வந்து அதை எடுத்துக்கொண்டு போனது.

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதும் செல்விக்குப் பயமில்லை. கையில் படம் இருக்கிறது. ஆட்டோவில் போகும்போது தைரியத்துக்கு அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அழவும் செய்தார். ஈஜிபுரா சிக்னலில் வண்டி நகராமல் நின்றபோது ஆட்டோக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஸ்டேஷனில் போனை வாங்கி அந்தப் படத்தை அழித்துவிடுவார்கள், உடனே லாக் போடுங்கள் என்று பயமுறுத்தியிருக்கிறார். அதுவரை அந்தப் போனுக்குப் பூட்டே கிடையாது. எப்படிப் போடுவது என்று செல்விக்குத் தெரியாது. அந்த நல்ல மனிதர் தானே வாங்கிப் போட்டுக் கொடுத்து, எண்ணையும் சொல்லியிருக்கிறார். பயத்தில் அது செல்வியின் மனதில் நிற்கவில்லை. சிக்னல் விழுந்தது, ஸ்டேஷன் வந்தது, ஆட்டோ போய்விட்டது.

உள்ளே போய், இதோ படம் சார் என்று எஸ்.ஐ. முன்னால் போனை நீட்டினால், அது நான்கு எண்ணைக் கேட்டது.

ஸ்டேஷனில் இருந்த எல்லோரும் ஆளுக்கு ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தார்களாம். கான்ஸ்டபிள் தன் சட்டை நம்பரைப் போட்டுப் பார்த்தாராம். இப்போது அந்தப் போன் அடுத்த முயற்சிக்கே பல மணி நேரம் காத்திரு என்று சொல்லிக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. ஓரளவு நல்லவர். சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம் கொடுத்தார். அதற்குள் படத்தைக் காட்டாவிட்டால் திருட்டு வழக்குப் பதிவாகும். பதிவானால் அபார்ட்மென்ட் வாசலில் வேலையாட்களை உள்ளே விடும் செயலியில் செல்வி பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழும். அதன்பின் கோரமங்களாவில் எந்த கேட்டும் அவருக்குத் திறக்காது. செல்வி சிறைக்குப் பயந்ததைவிட அந்தச் சிவப்புக் குறிக்குப் பயந்தார். நியாயமான பயம். சிறையிலிருந்து வெளியே வர வக்கீல் உண்டு, செயலியிலிருந்து வெளியே வர யாரும் இல்லை.

"யாருக்காவது அந்தப் படத்தை அனுப்பினீங்களா?"

"இல்ல மேடம். வெள்ளி குடுத்தாங்கன்னு தெரிஞ்சா எங்க சொந்தக்காரங்க கண்ணு பட்டுடும்னு யாருக்கும் காட்டலை."

இந்த நேரத்தில் கிரீஷ் சார் வந்து செல்வியின் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஏழாம் அத்தியாயம் தொடங்கியது. பில் எங்கே? செல்வி ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். ஈஜிபுராவில் பாய் ஒருவர் நடத்திய மொபைல் கடையின் கார்டு. அதன் பின்பக்கத்தில் பென்சிலில் போனின் பெயர் எழுதியிருந்தது. அதுதான் பில். கடை? கடை போன வருஷமே மோமோஸ் கடையாகிவிட்டது, பாய் எங்கே போனார் என்று தெரியாது. அட்டைப்பெட்டி இருந்தது. அதில் இருந்த பதினைந்து இலக்கம் போனோடு பொருந்தியது. பெட்டியைக் குப்பையிலிருந்துகூட எடுக்கலாமே என்றார் கிரீஷ் சார். "ஐ அண்டர்ஸ்டாண்ட்," ஒன்று.

பில் இல்லாதவர்களிடம் போனுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அடுத்த விதி. கேட்டார். செல்வி உள்ளபடியே சொன்னார். தன் படங்கள் இருக்கும், சமைத்த குழம்பு, கூட்டு படங்கள் இருக்கும். அப்புறம், யார் யாரோ தெரியாதவர்கள் கல்யாணம், காதுகுத்து எல்லாம் இருக்கும். "ஐ அண்டர்ஸ்டாண்ட்," இரண்டு.

கிரீஷ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் மகிழ்ச்சி.

"க்ளியர் கேஸ் மேடம். திருட்டு போன். அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க. போனை ஹோல்ட் பண்ணிட்டு மேல எழுதிடலாம்."

ஒரே நாளில், ஒரே பெண்மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டாவது திருட்டுக் குற்றச்சாட்டு. செல்விக்குச் சிமிழுமில்லை, இப்போது போனுமில்லை. கிரீஷ் சார் கையை நீட்ட, செல்வி போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் அந்தக் கல்யாணம் உறுத்தியது. திருடுகிறவர் எவராவது, உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று கவுண்டரில் வந்து சொல்வாரா?

"அந்தக் கல்யாணப் படத்துல தெரிஞ்ச முகம் ஏதாவது உண்டாம்மா?"

"ஒண்ணுல எங்க தெரு இஸ்திரிக்காரர் இருந்தாரு மேடம். எப்படி வந்தாருன்னு தெரியலை. அவரும் அந்த பாய் கடையிலதான் போன் வாங்கினாரு."

"போன் வாங்கினப்போ ஈமெயில் கேட்டிருக்குமே. யாரு ஈமெயில் போட்டீங்க?"

"எனக்கு ஏதுங்க ஈமெயில். பாய் அவருதைத்தான் போட்டாரு. எங்க ஏரியாவுல எல்லாருக்கும் அவருதுதான்."

இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் கம்பெனிக்கு இரண்டு தடவை கடுமையாக எழுதியிருக்கிறேன். சின்னக் கடைக்காரர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கணக்குத் தொடங்க நேரமில்லாமல், தங்கள் ஒரே கணக்கை எல்லாப் போனிலும் போட்டு விற்றுவிடுவார்கள். வாங்குகிறவருக்கு அது தெரியாது. விளைவு, ஒருவர் எடுக்கும் படம் அந்தக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து அதே கணக்கு உள்ள எல்லாப் போனிலும் தெரியும். ஈஜிபுராவின் அந்தத் தெரு முழுவதும் தங்களுக்குத் தெரியாமலே ஒரே ஆல்பத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கேவலமான பழக்கம், பாதுகாப்பற்றது, உடனே ஒழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். நல்லவேளை, என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை.

பூட்டைத் தொடவே வேண்டாம். பொத்தானைத் தட்டினால் போதும்.

"உங்க பக்கத்து வீட்டுல அந்தக் கடைப் போன் யார்கிட்ட இருக்கு?"

"மும்தாஜக்காகிட்ட."

மும்தாஜ் பக்கத்து வாசலில் ரவிக்கை தைக்கிறவர். செல்விக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே போன் நம்பர் அவருடையதுதான், ஏனென்றால் அது தையல் கடைப் பலகையில் தினம் கண்ணில் படுகிறது. கவுண்டர் போனிலிருந்து கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். மும்தாஜ் கையில் போனோடு, டொம்லூரில் பஸ் மாறி, இரண்டரை மணிக்கு வந்து சேர்ந்தார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. வந்ததும் செல்வியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது, தினம் குழம்பு போட்டோ எடுக்கறது? யாருடா இது, எனக்குப் பசிக்கட்டும்னே எடுக்கறாங்கன்னு ரெண்டு வருஷமா திட்டிட்டிருக்கேன்."

எனக்கு உயிர் வந்தது. வரமகாலட்சுமி அன்று வந்த படங்களைக் காட்டச் சொன்னேன்.

"அதெல்லாம் ஏது மேடம். ஊர் பூராவும் என் போன்ல குடியிருந்தா நான் எங்க இருக்கறது? வாடகையா குடுக்கறாங்க? வெள்ளிக்கிழமையானா உட்கார்ந்து எல்லாத்தையும் அழிச்சிடுவேன். இன்னைக்கும் அதுக்குத்தான் உட்கார்ந்தேன், போன் பண்ணிட்டீங்க."

செல்வி சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். கிரீஷ் சார் மூன்றாவது "ஐ அண்டர்ஸ்டாண்ட்" சொல்லித் தலையைச் சாய்த்தார்.

பக்கத்துக் கவுண்டர் சுவரில் காலண்டர் இருந்தது. ஒன்பது வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பண்டிகை. மும்தாஜ் அந்தப் படத்தை அழித்தது, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. இன்றைக்கு ஐம்பத்தாறு நாள். அழித்த படம் அழிந்துவிடுவதில்லை. எடுத்த போனில் அசல் அப்படியே இருக்கும். மற்றவர்கள் அழித்த பிரதி கணக்கின் குப்பைத்தொட்டியில் அறுபது நாள் கிடக்கும், பிறகுதான் நிஜமாகவே போகும். இந்த அறுபது நாள் விஷயம் கையேட்டில் அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. அடிக்குறிப்பு படிக்கிறவர்களைப் பார்த்து இளையவர்கள் சிரிப்பதை நான் கவனித்திருக்கிறேன். சிரியுங்கள்.

"குப்பைத்தொட்டியைத் திறங்க," என்றேன்.

"அதுல எல்லாம் கை வெச்சதே இல்ல மேடம்," என்றார் மும்தாஜ்.

அதுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

திறந்தோம். ஒரு வரமகாலட்சுமி வெள்ளிக்கிழமையன்று ஈஜிபுராவில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு லட்சுமியைக் குறைந்தது ஏழு கோணத்தில் படம் எடுத்திருந்தார்கள். தேங்காய் முக லட்சுமி, வெள்ளி முக லட்சுமி, சீரியல் பல்பு சுற்றிய லட்சுமி, மின்சாரம் போனதால் டார்ச் வெளிச்சத்தில் லட்சுமி. நடுநடுவே யாரோ ஒருவரின் புண் ஆறாத கால், யாரோ ஒருவரின் மாத்திரை அட்டை, யாரோ ஒருவரின் ஆதார் முன்பக்கம், பின்பக்கம், ஒரு பெண் கண்ணாடி முன்னால் தனக்காக மட்டும் எடுத்துக்கொண்ட படம். மும்தாஜ் அந்தப் படம் வந்ததும் கட்டைவிரலால் திரையை மூடி வேகமாகத் தள்ளினார். யாரும் எங்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஒரு தெருவின் உள்ளறை முழுவதையும் கவுண்டரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மேடம், திஸ் இஸ் பிரைவசி வயலேஷன்," என்றார் முதுகுக்குப் பின்னாலிருந்து கிரீஷ் சார்.

"ஆமா சார்," என்றேன். அவர் சொன்னது நூறு சதவீதம் சரி. தொடர்ந்து தள்ளினேன்.

மூன்றே கால் மணிக்கு அது வந்தது. பட்டுப்புடவையில் வயதான அம்மாள், கையில் தாம்பூலத் தட்டு, தேங்காய்க்குப் பக்கத்தில் வெள்ளிச் சிமிழ், குனிந்து முந்தானையில் வாங்கும் செல்வி. படத்தின் கீழே எழுத்து: இன்னும் நான்கு நாள்.

மும்தாஜ் படத்தைப் பெரிதாக்கினார். தையல்காரர் கண். "பின்னாடி பீரோ கண்ணாடியில யாரு இது?"

பீரோக் கண்ணாடியில் இளைய பெண் ஒருத்தி, இரண்டு கையாலும் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த போனுக்கு ரோஸ் உறை. இரண்டு முயல் காது, அதில் ஒன்று உடைந்தது.

"சின்னம்மா," என்றார் செல்வி. "அந்த வீட்டு மருமகள். அவங்கதான் மேடம் எடுத்துக் குடுத்தாங்க. ஸ்டேஷன்ல அதையும்தான் சொன்னேன். யாரு கேட்டாங்க."

கவுண்டரில் கிடந்த போனையும் கண்ணாடியில் இருந்த போனையும் நாங்கள் மூவரும் மாறி மாறிப் பார்த்தோம். கிரீஷ் சாரும் பார்த்தார். பார்த்தது விதிப்படி இல்லை என்று தோன்றியதோ என்னவோ, சானிடைசரை எடுத்தார்.

படத்தைத் தொட்டியிலிருந்து மீட்டு, கம்பெனியின் கலர் பிரிண்டரில் இரண்டு பிரதி எடுத்தேன். ஜாப் ஷீட்டில் போனின் பதினைந்து இலக்கம், பெட்டியில் உள்ள இலக்கம், உறையின் உடைந்த காது எல்லாவற்றையும் எழுதி, சீல் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மேனேஜர் அனுமதி என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். மூன்று நாற்பதுக்கு அவர்கள் ஆட்டோ ஏறினார்கள். ஏறும்போது மும்தாஜ் செல்வியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"இந்தத் தடவை ஆட்டோக்காரர்கிட்ட எதையும் குடுத்துடாதே."

பிறகு நடந்ததைத் திங்கட்கிழமை செல்வியே வந்து சொன்னார். எஸ்.ஐ. மருமகளைக் கூப்பிட்டுப் படத்தை மேஜையில் வைத்து, கண்ணாடியில் விரலை வைத்தாராம். மருமகள் வெகு நேரம் பார்த்துவிட்டு, மறந்துபோச்சு என்றாராம். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அந்த அறைக்குள் வரவில்லை. புகார் முடிக்கப்பட்டது, சிமிழ் திரும்பி வந்தது. வாசல் செயலியில் புகார் கொடுத்த அன்றே அபார்ட்மென்ட்காரர்கள் முன்கூட்டிப் போட்டு வைத்த சிவப்புக் குறி போக மட்டும் மேலும் பன்னிரண்டு நாள் ஆகுமாம், அதற்கும் ஒரு நடைமுறை உண்டாம். மருமகள் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"என்ன சொன்னீங்க?"

"வர்றேங்க, ஆனா நான் சமைக்கற நேரம் பூராவும் நீங்க பக்கத்துல நின்னு வீடியோ எடுக்கணும்னு சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

அதே திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. மூன்றாம் நபர்களின் அந்தரங்கத் தகவல்களை அனுமதியின்றிப் பார்த்தது, கம்பெனி பிரிண்டரைப் பயன்படுத்தியது, மேனேஜர் கையெழுத்து இடத்தில் கோடு இழுத்தது. மூன்றும் உண்மை. உண்மை என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கு எட்டு வாரமாவது ஆகும். எனக்கு இருந்தது ஐந்து. நடைமுறைகளை மதிக்கிறவள் நான்.

செல்வி வந்தது மெமோவைப் பார்க்க இல்லை. போன் இன்னும் பூட்டித்தான் இருந்தது. ஏழாம் அத்தியாயத்தில் ஏழாவது உட்பிரிவு: பில் இல்லாதபோது, போனின் அடையாள எண்ணும் உரிமையாளர் பெயரும் உள்ள காவல் நிலையச் சான்று போதும். புகாரை முடிக்கும்போது ஸ்டேஷனில் கொடுத்த காகிதத்தில் ஒரு வெள்ளிச் சிமிழ், ஒரு கைபேசி, அதன் பதினைந்து இலக்கம், இரண்டும் செல்விக்குச் சொந்தம் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. திருடி என்று எழுதத் திறந்த ஃபைலிலிருந்து வந்த காகிதம்தான், அந்தப் போன் செல்வியுடையது என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சான்று. கிரீஷ் சார் உட்பிரிவை மூன்று தடவை படித்தார். தலை சாயவில்லை.

சம்மதப் படிவத்தைத் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு வருஷத்துக் குழம்பும் கூட்டும் அழிந்தன. பாயின் கணக்கைக் கம்பெனி நீக்கியது. செல்வி பெயரிலேயே புதிய கணக்கு தொடங்கினேன். போன் சுத்தமாக, யார் கல்யாணமும் இல்லாமல் எழுந்து, புதிய பின் கேட்டது.

"நீங்களே ஏதாவது போட்டுக் குடுத்துடுங்க மேடம்," என்றார் செல்வி, பழக்க தோஷத்தில்.

"என்னையும் ஆட்டோக்காரர் ஆக்காதீங்க," என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு போனை என் பக்கத்திலிருந்து திருப்பி, இடது கையால் மறைத்து, நான்கு எண்ணை அழுத்தினார். உறுதி செய்ய மறுபடியும் கேட்டபோது மறுபடியும் மறைத்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாப் ஷீட்டை நிரப்ப அந்த எண்ணைக் கேட்டிருக்க வேண்டும், விதி. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதிதாக வைத்திருக்கும் தொடுதிரையில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதாம். செல்வியின் ஜாப் ஷீட்டில் அது காலியாக இருக்கிறது. கிரீஷ் சார் அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, முழுமையடையாதது என்று எழுதி ஃபைலில் வைத்திருக்கிறார். அலமாரி இன்னும் திறந்துதான் இருக்கும், போய்ப் பாருங்கள்.